பல் வெள்ளையாவது இருக்கட்டும், முதலில் அம்மாவின் புண்ணைப் பாருங்கள்

அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மகளுக்கு 24 வயது. தை மாதக் கடைசியில் கல்யாணம், இன்னும் 10 வாரம்தான் இருக்கிறது. நிச்சயதார்த்தத்தில் எடுத்த போட்டோக்களில் ஒன்றில்கூட மகள் பல் தெரியச் சிரிக்கவில்லை. பற்கள் கொஞ்சம் மஞ்சள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது விழுந்து அடிபட்ட மேல் முன்பல் ஒன்று மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு கிளினிக்கில் காட்டியதற்கு, “எட்டுப் பல்லையும் ராவி கேப் போட்டுரலாம், பளிச்னு ஆயிரும்” என்றார்களாம். கேப் என்பது பல்லின்மேல் மாட்டுகிற உறை. இதற்கிடையில் மகள் எலுமிச்சம்பழச் சாற்றில் ஆப்பசோடாவைக் குழைத்துத் தினமும் தேய்க்கிறாள். இப்போது தண்ணீர் குடித்தாலே கூசுகிறது என்கிறாள்.

வாசகியின் அம்மாவுக்கு 68 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. 7 வருடத்துக்கு முன் மேலும் கீழும் முழு பல்செட் வைத்தார்கள். கீழ் செட் இப்போது பேசும்போதே எழும்புகிறது, மருந்துக்கடையில் வாங்கிய பசையைப் போட்டு ஒட்டிக்கொண்டு சமாளிக்கிறார்கள். ஊருக்குள் வந்து பல் கட்டித் தருகிற ஒருவர், “ஒரு மணி நேரத்துல டைட் பண்ணித் தாரேன்” என்று சொல்லியிருக்கிறார். கையில் இருப்பது ₹25,000. யாருக்குச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. அம்மாவோ, “எனக்கென்னட்டி, இன்னும் எத்தன நாளைக்கு மெல்லப் போறேன், பிள்ளைக்குப் பாரு” என்கிறார்களாம்.

மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: “செட் உரசி அம்மாவுக்கு இடது பக்கம் கன்னமும் ஈறும் சேருகிற இடத்தில் ஒரு புண் இருக்கிறது, ஆவணியிலிருந்து அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வலியில்லை.” அடுத்த வரியிலேயே, அம்மா புகையிலையை நிறுத்தி 2 வருடமாகிறது, இப்போது வெற்றிலையும் பாக்கும் மட்டும்தான் என்று இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் பல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்த ஒற்றை வரிதான். அதனால் நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்கிறேன். உங்கள் மனதிலும் அந்த வரிசை மாறினால் நல்லது.

3 மாதமாக ஆறாத புண்

வாயில் வருகிற சாதாரணப் புண் 2 வாரத்துக்குள் ஆறிவிடும். பல்செட் உரசி வந்த புண்ணும் அப்படித்தான், உரசுவதை நிறுத்தினால் 2 வாரத்துக்குள் ஆற வேண்டும். அதைத் தாண்டி நிற்கிற எந்தப் புண்ணையும் ஒரு பல் மருத்துவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 3 மாதம் ஆகிவிட்டது.

இது புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை, கடிதத்தை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. தளர்ந்த செட்டின் ஓரம் ஓயாமல் குத்தினால் ஆறாத புண் வரும், சில சமயம் சதை மடிப்பாகவே வளர்ந்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஆறுவது இன்னும் தாமதமாகும். இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கவே வாய்ப்பு உண்டு. ஆனால் இவை எல்லாம் பார்த்து, சோதித்துச் சொல்ல வேண்டியவை. வீட்டில் இருந்துகொண்டு நாமாகத் தீர்மானிக்கக் கூடாது.

நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிற இரண்டு விஷயங்கள் உண்மையில் ஆறுதல் தருபவை அல்ல. ஒன்று, வலி இல்லை என்பது. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். இன்னொன்று, வெறும் பாக்குதானே என்பது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கெடுதல் பாக்கிலேயே இருக்கிறது. அம்மா புகையிலையை விட்டது பெரிய காரியம், அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் பல வருடம் போட்டவர்களுக்கு நிறுத்திய மறுநாளே ஆபத்து நீங்கிவிடாது. நம் பக்கத்தில் விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டு வருவதும், ஆச்சிமார் வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் உட்காருவதும் எனக்குத் தெரியாததல்ல. கல்யாண வீட்டில் அம்மாவை அதிலிருந்து விலக்கி வைப்பது கஷ்டம். ஆனாலும் இந்தப் புண் என்னவென்று தெரிகிறவரை பாக்கு வேண்டவே வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, கீழ் செட்டைக் கழற்றி வைப்பது. சில நாள் இட்லி, குழைந்த ரசம் சாதம், சொதியில் ஊறிய இடியாப்பம் என்று மெல்லத் தேவையில்லாததைக் கொடுங்கள். மெல்ல முடியவில்லை என்பதற்காக உணவைக் குறைத்துவிட்டுச் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டால், சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. தேவைப்பட்டால் அங்கேயே மற்றப் பிரிவுகளுக்கும் அனுப்புவார்கள். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். “3 மாதமாக ஆறாத புண்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். செட் ஆடுகிறது என்று ஆரம்பித்தால் பேச்சு செட்டைச் சுற்றியே போய்விடும்.

புண்ணிலிருந்து சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள், சில நிமிட வேலை. “கத்தி பட்டால் பரவிவிடும்” என்று சொந்தக்காரர்கள் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அது உண்மையில்லை. இந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, சின்னதாக இருந்தபோது எளிதில் முடிந்திருக்க வேண்டியதைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறுவதில்லை. இருதயத்துக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் நீங்களாக நிறுத்தாமல், மாத்திரைச் சீட்டை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கல்யாணம் முடியட்டும், தை கழியட்டும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 10 வாரம் என்பது இந்த விஷயத்தில் மிகவும் அதிகம். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதியாகப் பந்தல்கால் நடலாம். ஏதாவது இருந்தாலும், தொடக்கத்தில் கண்டுபிடித்தால் வாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் குணப்படுத்திவிட முடியும்.

செட் ஏன் ஆடுகிறது, என்ன செய்யலாம்

செட்டைச் செய்தவர் சரியாகச் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 7 வருடம் உழைத்த செட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பல்லை எடுத்த பிறகு, அதைத் தாங்கிய தாடை எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது. மழையில் வயல் வரப்பு கரைகிற மாதிரி அந்த எலும்பும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கீழ்த்தாடையில் இது மேல்தாடையைவிடப் பல மடங்கு அதிகம். மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் பிடிமானம் உண்டு. கீழ் செட்டுக்குக் குறுகலான ஈறு மட்டும்தான், போதாக்குறைக்கு நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். செட் அதே அளவில்தான் இருக்கிறது, அதன் அடியில் இருந்த தாடைதான் தாழ்ந்துவிட்டது.

இதற்கு ரீலைன் என்று ஒரு வேலை இருக்கிறது. இப்போதைய ஈறுக்குத் தகுந்தபடி அளவெடுத்து, செட்டின் உள்பக்கத்தில் புது அக்ரிலிக் அடுக்கு ஒன்றைச் சேர்ப்பது. லேபுக்கு அனுப்பினால் ஓரிரு நாளில் திரும்பிவரும். செட்டின் பற்கள் தேயாமல், மேலும் கீழும் சரியாகக் கடித்தால் ரீலைனே போதும், புது செட்டைவிடச் செலவும் குறைவு. பற்கள் மொட்டையாகத் தேய்ந்து, வாயை மூடும்போது மூக்கும் முகவாயும் நெருங்கி வருகிறது, வாயோரம் வெடிக்கிறது என்றால் ரீலைன் செய்து பயனில்லை, புதிதாகச் செய்வதுதான் சரி. 7 வருடத்து செட் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதை வாயில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஆனால் புண் ஆறுவதற்கு முன் அளவெடுக்கக் கூடாது. வீங்கின ஈறில் அளவெடுத்தால் வீக்கம் வடிந்ததும் செட் மறுபடியும் ஆடும். அவசரமாக யாராவது அன்றைக்கே செய்து தருகிறேன் என்றால், புண் ஆறிய பிறகு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

ஊருக்குள் வந்து பல் கட்டுகிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பொடியையும் திரவத்தையும் குழைத்து நேராக வாயிலேயே வைத்து இறுக வைப்பதுதான் பெரும்பாலும் அவர்கள் செய்கிற வேலை. அது இறுகும்போது சூடாகும், அந்தத் திரவம் ஈறைப் புண்ணாக்கும். ஏற்கனவே புண் இருக்கிற, சர்க்கரை உள்ள ஒருவருடைய வாயில் அதை வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பதிவு பெறாதவர்கள் பல் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி குற்றமும் ஆகும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் மாநில பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முறையாகப் படித்தவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒட்டுகிற பசை, நன்றாகப் பொருந்துகிற செட்டுக்குக் கொஞ்சம் துணையாக இருக்கலாம். ஆடுகிற செட்டை அதை வைத்தே ஓட்டினால் அடியில் என்ன நடக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். அம்மாவுக்கு அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பல மாதம் அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால், துத்தநாகம் கலந்த பசைகளால் நரம்புக் கோளாறும் வரலாம்.

இரவில் செட்டைக் கழற்றாமலே தூங்குகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கழற்றி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். பல்பொடி போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், அந்தக் கீறலில் காளான் கிருமி தங்கும். சர்க்கரைக்காரர்களுக்கு அது சீக்கிரம் தொற்றி, செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்துபோகும். மென்மையான பிரஷும் கொஞ்சம் சோப்பும் போதும்.

கீழ்த்தாடை எலும்பில் 2 இம்ப்ளாண்ட், அதாவது திருகு மாதிரி உலோக வேர், வைத்து அதன்மேல் செட்டை மாட்டுகிற முறையும் இருக்கிறது. பிடிமானத்துக்கு மிக நல்லது. ஆனால் புண்ணைப் பற்றித் தெரிந்து, சர்க்கரையும் கட்டுக்குள் வந்த பிறகு பேச வேண்டிய விஷயம் அது. உங்கள் கையில் இருக்கிற பணத்தில் இப்போது அடங்காது.

மகளுக்கு: எட்டு கேப் வேண்டாம்

போட்டோவில் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவதை நான் அற்பமாக நினைக்கவில்லை. அது நியாயமான ஆசை, 10 வாரத்தில் நிறைவேற்றவும் முடியும். ஆனால் ஆரோக்கியமான 7 பல்லை ராவித்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேப் போடப் பல்லின் கெட்டியான வெளி அடுக்கை, அதாவது எனாமலை, சுற்றிலும் ராவி எடுக்க வேண்டும். எனாமல் திரும்ப வளராது. 24 வயதில் போட்ட கேப் ஆயுள் முழுக்க நிற்காது, வாழ்நாளில் பல தடவை மாற்ற வேண்டிவரும். ராவிய பற்களில் சிலவற்றுக்கு நரம்பு கெட்டு வேர் சிகிச்சையும் (ரூட் கெனால்) தேவைப்படலாம். உடைந்த பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கும் கேப் அருமையான வைத்தியம், ஆனால் மஞ்சளாக இருக்கிறது என்பது அதற்குப் போதுமான காரணம் ஆகாது.

உங்கள் மகளுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. பொதுவான மஞ்சள் ஒன்று, அந்தச் சாம்பல் பல் இன்னொன்று.

சாம்பல் பல்லில் அடிபட்டபோதே உள்ளே நரம்பு செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அதை வெளியிலிருந்து எவ்வளவு வெளுத்தாலும் மற்றப் பற்களோடு சேராது. எக்ஸ்ரே எடுத்து, நரம்புக்கு உயிர் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். செத்திருந்தால் வேர் நுனியில் சத்தமில்லாமல் சீழ் கட்டியிருக்கலாம், கல்யாண வாரத்தில் அது வீங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேர் சிகிச்சை செய்துவிட்டு, பல்லின் உள்ளேயே வெளுக்கும் மருந்தை வைத்து அடைத்து, சில நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். இரண்டு மூன்று தடவையில் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் அந்த ஒரு பல்லுக்கு மட்டும் கேப்போ, முன்பக்கம் ஒட்டுகிற மெல்லிய வெனீரோ போடலாம்.

மஞ்சளுக்கு முதலில் ஸ்கேலிங், அதாவது பல் மருத்துவரிடம் பல்லைக் கிளீன் பண்ணுவது, செய்யுங்கள். டீக்கறை, காரை எல்லாம் அதிலேயே போய்விடும், பாதிப் பேருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது என்பது என் அனுபவம். கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்ற பேச்சு உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. காரை அடைத்திருந்த இடம் காலியாவதால் இடைவெளி தெரிகிறது, கொஞ்சம் கூசுகிறது, அவ்வளவுதான். ஈறைக் கெடுத்துப் பல்லை ஆட வைப்பது அந்தக் காரைதான்.

அதற்கப்புறமும் வெள்ளை வேண்டுமென்றால் ப்ளீச்சிங் செய்யலாம். கிளினிக்கில் ஈறுக்குப் பாதுகாப்புப் பூச்சு பூசிவிட்டு வீரியமான பெராக்சைடு வைத்து ஒரே நாளில் செய்வது ஒரு வகை. பல்லுக்கு அளவெடுத்துச் செய்த தட்டில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து, வீட்டிலேயே இரண்டு மூன்று வாரம் இரவில் போடுவது இன்னொரு வகை. உங்கள் மகளுக்கு ஏற்கனவே கூச்சம் இருப்பதால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மெதுவாக நடக்கும், கூசினால் ஒரு நாள் விட்டுவிட்டுப் போடலாம். அதுவும் எலுமிச்சையையும் சோடாவையும் உடனே நிறுத்தி, கூச்சத்துக்கான பேஸ்டை 2 வாரம் போட்ட பிறகுதான். எலுமிச்சைப் புளிப்பு எனாமலை இளக்கிவிடும், அதன்மேல் சோடாவைத் தேய்த்தால் அந்த எனாமல் போய்விடும். எனாமல் போகப் போக உள்ளே இருக்கிற மஞ்சள் இன்னும் அதிகமாகத்தான் தெரியும். கரிப்பொடி பேஸ்டும் பல்லைத் தேய்க்கத்தான் செய்யும்.

ப்ளீச்சிங் நிரந்தரமில்லை. சாப்பாட்டுப் பழக்கத்தைப் பொறுத்து ஓரிரு வருடத்தில் நிறம் கொஞ்சம் திரும்பும். கேப், ஃபில்லிங் எதையும் அது வெளுக்காது. அதனால் முதலில் ப்ளீச்சிங், 2 வாரம் இடைவெளி, அந்தப் புது நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒட்டுவேலை என்பதுதான் வரிசை. கல்யாணத்துக்கு அப்புறம் மறுபடி ஒரு தடவை செய்யலாம் என்று நினைத்தால், கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் வேண்டாம் என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.

10 வாரமும் ₹25,000-மும்

இந்த வாரம் அம்மாவுக்கு ஹைகிரவுண்ட். அரசு மருத்துவமனை என்பதால் பயணச் செலவைத் தவிரப் பெரிதாக எதுவும் ஆகாது. மகளுக்கு இந்த வாரமே ஸ்கேலிங்கும் எக்ஸ்ரேயும் முடிந்துவிடலாம். வேர் சிகிச்சைக்கும் உள்ளே மருந்து வைப்பதற்கும் மூன்று நான்கு வாரம், வீட்டு ப்ளீச்சிங்குக்கு மூன்று வாரம், அப்புறம் அந்த 2 வார இடைவெளி. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் பல்லில் கையே வைக்க வேண்டாம். ப்ளீச்சிங் நடக்கிற நாட்களில் டீ, காபி, மஞ்சள் தூக்கலான குழம்பு, பீட்ரூட் ஆகியவற்றைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும்.

அந்த எட்டு கேப்புக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பல் வேலைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை தடவை வர வேண்டும், என்ன பொருளில் செய்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி, இன்னொரு பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். வள்ளியூர், பணகுடி பக்கம் போகிற வேலை இருந்தால் காவல்கிணற்றில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பொதுவாகவே கல்லூரி மருத்துவமனைகளில் வேர் சிகிச்சை, பல்செட் வேலைகளுக்குத் தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. மாணவர்கள் செய்வதால் நேரம் அதிகமாகும், ஆனால் ஆசிரியர்கள் மேற்பார்வை பார்ப்பார்கள். அம்மாவின் ரீலைனுக்கோ புது செட்டுக்கோ அப்படிப்பட்ட இடத்தை நம்பிப் போகலாம்.

மகளுக்கு எட்டுக்குப் பதில் ஒரு பல்லோடு வேலை முடிவதால், அம்மாவின் செட்டுக்கும் பணம் மிஞ்சும் என்றே நினைக்கிறேன். பிள்ளைக்கா அம்மாவுக்கா என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வராது. “எத்தன நாளைக்கு மெல்லப் போறேன்” என்கிற அம்மாவிடம், பேத்தி கல்யாணத்தில் மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டை உட்கார்ந்து நன்றாக மென்று சாப்பிட வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஹைகிரவுண்டுக்குப் போகும்போது சர்க்கரை நோட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு, சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கழற்றி வைத்த செட்டை வீட்டில் விட்டுவிட வேண்டாம். ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டு எடுத்துப் போங்கள். அதன் ஓரம் புண் இருக்கிற இடத்தில்தான் படுகிறதா என்று மருத்துவர் வைத்துப் பார்ப்பார்.